வெண்டலின் மூன்று ஸ்டெப்னிகள்

கனடாவின் வடகோடிக்குப் போகிற டெம்ப்ஸ்டர் சாலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறியவனுக்கு அடுத்த விடுதியில் காபி ஆறிப்போய்த்தான் வரும். ஓரத்தில் ஒரு வண்டி நின்றால் நீயும் நிறுத்த வேண்டும். கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா?" என்று கேட்க வேண்டும். அவன் மலையைப் படம் பிடிக்க நின்றிருக்கலாம், புதருக்குப் பின்னால் ஒதுங்கப் போயிருக்கலாம், அது உன் கவலை இல்லை. எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சரளைக்கல், கரடி, கொசு. தனிமையைத் தேடி உலகத்தின் நான்கு மூலையிலிருந்தும் இங்கே வருகிறார்கள். ஐந்து நிமிடம் ஒருவரையும் தனியாக விட மாட்டோம்.

நான் கஸ். இருபத்திரண்டு வருடமாகக் காய்கறியும் பாலும் கோழியும் ஏற்றிக்கொண்டு வடக்கே இனுவிக் ஊர் வரை லாரி ஓட்டுகிறேன். அந்தச் சட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடைப்பிடிக்கிறவன் நான். பால் கெட்டுப்போகும், யார் பதில் சொல்வது? ஆனால் வெண்டல் ஹார்ட்விக் அதைச் சாமி காரியம் போலச் செய்தார்.

வெண்டல் இந்தச் சாலையில் கிரேடர் ஓட்டியவர். மழைக்கும் லாரிக்கும் குழி விழுந்து, அலை அலையாகிப்போகும் சரளையைச் சீவி மட்டமாக்குவது வேலை. சாலையை 'இழுப்பது' என்போம். நூறாவது கிலோமீட்டரிலிருந்து இருநூற்று முப்பது வரை அவருடைய எல்லை. இருபத்தொன்பது வருடம் அதை மேலும் கீழும் இழுத்தார். அதற்கு வடக்கே பாதி வழி விடுதி வரைக்கும் போயிருக்கிறார். நான் சொல்லப்போகிற கோடை வரை அதைத் தாண்டியதில்லை. தாண்டாமலே அங்கே இழுப்பவர்களுக்கு வேலை தெரியாது என்று மட்டும் உறுதியாகச் சொல்வார்.

அவர் மனைவி மாவிஸ் கோதுமைச் சமவெளியில் பிறந்தவர். சாலைக்காரர்களின் முகாமுக்குச் சமையலுக்கு வந்தார். கடலையே பார்த்ததில்லை. கல்யாணம் பேசும்போது வெண்டல் வாக்குக் கொடுத்தாராம்: "இந்த ரோடு என்னைக்குக் கடல் வரைக்கும் போகுதோ, அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறேன்." அன்றைக்குச் சாலை இனுவிக்கோடு முடிந்தது. அதற்கப்பால் சதுப்பும் பனியும். செலவில்லாத வாக்கு. முப்பது வருடத்துக்கும் மேல் சௌகரியமாக இருந்தார் மனிதர். பிறகு அரசாங்கம் டக் கிராமம் வரை, கடலின் விளிம்புக்கே, சாலை போட்டுவிட்டது. ஒரு குடும்பத்துக்குள் அரசாங்கம் இப்படி மூக்கை நுழைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

வேறு வழியில்லாமல் ஒரு பழைய கேரவன் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. மாவிஸ் ஜன்னலுக்கு மஞ்சள் திரை தைத்துப் போட்டார். வெண்டல் மூன்று ஸ்டெப்னி, இரண்டு ஜாக்கி, ஒரு காற்றடிக்கும் மோட்டார், பஞ்சர் ஒட்டுகிற சாமான் என்று ஒரு பட்டறையையே பின்னால் ஏற்றினார். ஒவ்வொரு ஜூலையும் கடலுக்குக் கிளம்பினார்கள். ஒவ்வொரு ஜூலையும் திரும்பி வந்தார்கள்.

எப்படிப் போய்ச் சேர முடியும்? இந்தச் சாலையின் கல் டயரைக் கத்தி போலக் கிழிக்கும். நின்ற வண்டிக்கெல்லாம் வெண்டல் நிற்பார். மற்றவர்கள் "எல்லாம் சரியா?" என்று கேட்டுவிட்டுப் போவோம். அவர் ஜாக்கியோடு இறங்குவார். ஒரு வருடம் ஸ்விஸ் நாட்டு வேன்காரர்கள் இருவர். இன்னொரு வருடம் ஒரு பள்ளிக்கூட டீச்சர், அந்தம்மாவின் நாய் வேறு இவரைக் கடித்தது. கையிலிருக்கும் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். மூன்றுக்குக் குறைவான ஸ்டெப்னியோடு வடக்கே போகக்கூடாது என்பது அவரே தனக்குப் போட்ட விதி. ஆகவே திரும்புவார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மாவிஸ் ஆறு கோடைகள் வளர்ந்துகொண்டே இருந்தார்.

வெண்டல் மாதிரி தங்கமான மனிதர் உண்டா என்று ஊரே சொல்லும். நானும் சொல்வேன். நல்ல காரியத்தைப் போல வசதியான நொண்டிச்சாக்கு உலகத்தில் வேறு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

ஏழாவது கோடையில் அவர்களைப் பாதி வழி விடுதியில் பார்த்தேன். காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் வெண்டல், இந்த வருசமாவது கடலா?" என்றேன்.

"வழியில யாரு நிக்கிறாங்களோ, அதைப் பொறுத்து."

"கடல் எங்கயும் ஓடிப் போகாதுன்னு இப்பச் சொல்வான், கேட்டுக்கோ கஸ்," என்றார் மாவிஸ்.

"போகாதுல்ல? அப்படி என்ன இருக்கு அங்க? வெறும் தண்ணி."

"கடல் போகாது. என் கண்ணு போகுதே."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வசந்தத்தில் மருத்துவர் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை அழிந்துகொண்டு வருகிறது. ஓரம் கொஞ்சம் தங்கும், நடு தங்காது. அடுத்த கோடை வரை தாங்குமா என்று கேட்டதற்கு அவர் வேறு பேச்சுப் பேசினாராம். வெண்டல் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே, "இந்தத் தடவை கண்டிப்பா," என்றார். அந்தக் 'கண்டிப்பா'வை நான் ஆறு கோடைகளாகக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை அவர்கள் முன்னால் போக, நான் பின்னால் கிளம்பினேன். இருபது கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். மஞ்சள் திரை போட்ட கேரவன் ஓரத்தில் நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு மாவிஸ். கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நல்ல கோட்டு, மடியில் கைப்பை, முகத்தில் கொசுவலை. சற்றுத் தள்ளி ஒரு ஜெர்மன் தம்பதியின் வாடகை வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. யாருடைய கால் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுத்தினேன். "எல்லாம் சரியா? வண்டிக்கு என்ன கோளாறு?"

"கோளாறு வண்டிக்கு இல்ல. கஸ், சட்டப்படி நீ நிறுத்தணும். நிறுத்திட்ட. சட்டப்படி உதவி செய்யணும்."

"செய்றேன் மாவிஸ். என்ன வேணும், சொல்லுங்க."

"கடல்."

"வெண்டல்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நாப்பத்தொரு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

கேரவனின் வைப்பர் அடியில் ஒரு காகிதம் செருகியிருந்தது. 'கடல் பார்க்கப் போகிறேன். மான்கறிக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடு.' மாவிஸ் லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெர்மன்காரர் பக்கத்தில் போனபோது, பழக்கதோஷம், வேகத்தைக் குறைத்து, "எல்லாம் சரியா?" என்று கத்தினேன். வண்டிக்கடியிலிருந்து ஒரு கை வந்து கட்டைவிரலை உயர்த்தியது.

"எல்லாம் சரி கஸ், நீ போ! நிக்காதே!"

மாவிஸ் இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். "கேட்டியா? அவனே போகச் சொல்லிட்டான்."

வழியில் குறுக்கிடும் இரண்டு ஆறுகளையும் வண்டி ஏற்றும் படகில் தாண்டி இனுவிக்கில் சரக்கை இறக்கினேன். மறுநாள் ஒரு கூட்டாளியின் ஜீப்பை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனோம். டக் கிராமத்தின் கடைசி வீட்டைத் தாண்டி, சாலை முடிகிற இடத்தில் இறங்கினோம். மூடுபனி. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. எங்கோ காலடியில் தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. மாவிஸ் செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை இறங்கி நின்றார். வெகுநேரம் நின்றார்.

"கஸ், உண்மையைச் சொல்லு. என் கண்ணா, இல்ல பனியா?"

"பனிதான். எனக்கும் ஒரு மண்ணும் தெரியல."

"அப்பாடா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரமாக வந்தது. வெண்டல் மீது, பனி மீது, எல்லாவற்றின் மீதும். மாலை வரை காத்திருந்தோம். விலகவில்லை. திரும்பும்போது, "அவன்கிட்ட எதுவும் சொல்லாதே," என்றார்.

மூன்றாம் நாள் அதே இடத்துக்கு வந்தோம். அதே கேரவன், அதே திறந்த பானெட், அதே மடக்கு நாற்காலி. நாற்காலியில் வெண்டல். தாடி முளைத்திருந்தது.

"தேடிட்டு வரலையாய்யா?" என்றேன்.

"ஆளைத் தவறவிட்டா வண்டியை விட்டு நகரக்கூடாது. நான்தானே ஊருக்கெல்லாம் சொல்றேன்."

மூன்று நாளில் நாற்பத்து மூன்று வண்டிகள் நின்று அவரை விசாரித்திருக்கின்றன. பானெட் திறந்திருந்தால் விசாரிக்காமல் என்ன செய்வார்கள்? முதலில், "கோளாறு ஒண்ணுமில்ல," என்றிருக்கிறார். யாரும் நம்பவில்லை. பிறகு, "மனைவி கடல் பார்க்கப் போயிருக்கா," என்றிருக்கிறார். அப்புறம் வந்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்: "நீங்க போகலையா?" ஒரு கிழவி சூப் கொடுத்திருக்கிறாள். ஒருவன் பரிதாபப்பட்டு ஒரு ஸ்டெப்னியை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"பானெட்டை மூடித் தொலைச்சிருக்கலாமே!"

"அவ தொறந்தது. அவளே மூடட்டும்னு இருந்தேன்."

மாவிஸ் போய்ப் பானெட்டை டப்பென்று சாத்தினார். வெண்டல் எழுந்து நின்றார்.

"எப்படி இருந்துச்சு?"

"நீயே போய்ப் பாரு."

"வெறும் தண்ணிதானே?"

"நீயே போய்ப் பாரு."

அவர் வடக்கே பார்த்தார். சாலை ஒரு மேட்டில் ஏறி மறைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாவிஸ் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்ததும் என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"கஸ், நூத்தி முப்பது கிலோமீட்டர்ல ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். நின்னுபோனவன் எல்லாம் என்னைப் பார்த்தா சாமியைப் பார்த்த மாதிரி கும்பிடுவான். அந்த மேட்டுக்கு அங்கிட்டு நான் யாரு? டூரிஸ்ட்டு. சொல்லவே கூச்சமா இருக்கு. பயம்தான்யா எனக்கு."

சொல்லிவிட்டுக் கேரவனின் பின்கதவைத் திறந்தார். மூன்று ஸ்டெப்னியையும் உருட்டி என் லாரியில் ஏற்றினார். பரிதாபத்துக்குக் கிடைத்த நான்காவதையும் ஏற்றினார். ஜாக்கி இரண்டு, காற்றடிக்கும் மோட்டார், ஸ்பானர் பெட்டி.

"யோவ், என்னய்யா பண்ற? இது இல்லாம அங்க போறது தற்கொலை."

"இது இருந்தா நான் நின்னுருவேன்," என்றார்.

மூன்று நாளாக அவரைத் திட்டுவதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். அதற்குப் பதில் ஸ்பானர் பெட்டியைச் சரியாமல் உள்ளே தள்ளி வைத்தேன். கேரவன் மேட்டில் ஏறி மறைகிற வரை நின்றுவிட்டு, நான்கு டயர்களோடு தெற்கே வந்தேன்.

மீதிக் கதையை இலை உதிர்கிற காலத்தில் மாவிஸ் சொன்னார், டாசன் ஊரில் அவர்கள் வீட்டில். கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு எனக்குக் காபி ஊற்றினார். விரலில் சூடு படும்போது நிறுத்தினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இரண்டாவது ஆற்றைத் தாண்டியதுமே டயர் பஞ்சரானதாம். முதலில் வந்து நின்றது ஒரு கிரேடர். ஓட்டியது முப்பது வயதுப் பெண், அந்தப் பக்கத்துக்காரி. வெண்டலை ஏற இறங்கப் பார்த்திருக்கிறாள்.

"பெரியவரே, ஸ்டெப்னி எங்க?"

"இல்லம்மா."

"ஜாக்கி?"

"அதுவும் இல்ல."

"ஒரு ஸ்பானர்கூட இல்லாம இந்த ரோட்டுல வர்ற தைரியம் உங்களுக்கு யாரு குடுத்தது? இது என்ன உங்க ஊர்ப் பூங்காவா? டூரிஸ்டுங்க எல்லாம் இப்படித்தான், வந்து எங்க உசுரை வாங்குறீங்க." திட்டிக்கொண்டே இருபது நிமிடத்தில் பஞ்சரை ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். வெண்டல் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா, சரிம்மா," என்று நின்றாராம்.

"அந்த இருபது நிமிசத்துக்கே கல்யாணம் பண்ணினது தகும், கஸ்," என்றார் மாவிஸ்.

"கிரேடர் ஓட்டினவர்னு நீங்க சொல்லலையா?"

"அவனே சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? போகும்போது மட்டும் சொன்னான், 'ரோட்டை நீ நல்லா இழுத்திருக்கம்மா'ன்னு. அவ திரும்பிக்கூடப் பார்க்கல."

"கடல்?"

அன்றைக்குப் பனி இல்லை. துடைத்து வைத்த மாதிரி வானம். சாலை முடிகிற இடத்தில் வெண்டல் வண்டியை நிறுத்தினார். இறங்கினார்கள்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"நடுவுல ஒரு கட்டைவிரலை வச்சு மறைச்ச மாதிரி இருந்துச்சு. அதனால என்ன? அம்புட்டுக் கடலும் ஒரு கட்டைவிரலுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குமா? ரெண்டு பக்கமும் வழிஞ்சு நின்னுச்சு. பார்த்தேன். ஆனா அவன்கிட்டச் சொல்லல. 'எனக்குச் சரியாத் தெரியல, என்ன இருக்கு, நீ சொல்லு'ன்னேன்."

வெண்டல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாராம். வெறும் தண்ணி என்று சொல்லப்போகிறார் என்று மாவிஸ் காத்திருந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அவர் தலையை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார், வேலை முடிந்ததும் தன் சாலையைப் பார்ப்பது போல.

"ஒரு குழி இல்ல, மாவிஸ். ஒரு அலை இல்ல. கண்ணுக்கெட்டின மட்டும் மட்டமா இருக்கு. யாரு இதை இழுத்தது?"

"நீ இல்ல," என்றாராம் மாவிஸ். "அது மட்டும் எனக்கே தெரியுது."