திருப்பிப் போட்ட அம்புக்குறி

கெமிஸ்ட்ரி டியூட்டர் வேலையில் அமிலம் கொட்டினால் கைதான் வேகும், பையன் எழுந்து "ஏன்?" என்று கேட்டால் வயிறே வெந்துபோகும். வாத்தியார் உத்தியோகம் பார்த்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆர்கானிக் என் தலையில் விழுந்தது

யுத்த சமயம். சேலத்தில் எங்கள் காலேஜ் புரொபசர் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். சீனியர் வகுப்புக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கும்படி தற்காலிக டியூட்டரான என்னிடம் சொன்னார்கள். நான் படித்தபோது எதோடு எது சேர்ந்தால் எது வரும் என்று நெட்டுருப் போட்டால் பாஸ். லைப்ரரிக்கு வந்திருந்த புதுப் புத்தகத்திலோ, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று வளைந்த அம்புக்குறி போட்டிருந்தார்கள். பார்த்ததுமே பயந்து மூடி வைத்துவிட்டேன். கல்யாணமாகி ஒரு வருஷம். வேறு வேலை கிடையாது. பிரின்சிபால் தலை நிமிராமல் சொன்னார்: "ரிசல்ட் விழுந்தால் ஜூனில் உம்ம நாற்காலியில் வேறே ஆள் இருப்பார்."

ஒரு சாய்கோடு

முதல் டெஸ்டில், எதிலீனோடு ஹைட்ரஜன் அயான் சேருவதை அம்புக்குறியோடு எழுதச் சொன்னேன். முப்பத்திரண்டு பேரும் கார்பனுக்குக் கீழே ஒரு சாய்கோடு போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு விதியாக்கும் என்று பதறி, நான் படித்த பழைய புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இல்லை. மறுநாள் வகுப்புக்குப் போய்ப் பார்த்தால், கரும்பலகையில் நான் வழக்கமாக எழுதும் மூலையில் அதே சாய்வில் ஒரு விரிசல்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ராசிபுரத்துப் பழனிச்சாமியை எழுப்பி விசாரித்தேன். "விரிசல்னு தெரியுமுங்க சார். உட்டுட்டா மார்க் போயிருமோன்னு பயமுங்க."

முதல் பெஞ்சு

திருச்செங்கோட்டு நாச்சிமுத்து எழுந்தாலே நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். "ப்ரோப்பிலீன்ல ஹைட்ரஜன் ஏன் ஓரத்துக் கார்பனுக்கே போகுதுங்க?" என்று ஒரு நாள் கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பரீட்சைக்கு வராது, உட்கார் என்று அதட்டினேன்.

உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே மெதுவாகச் சொன்னான்: "வராதுங்க சார். ஆனா ஏனுங்க?"

புளியங்கொட்டை

பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, எனக்காவது புரியட்டும் என்று வீட்டில் சிலேட்டில் படம் போட்டு, எலக்ட்ரானுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகளை வைத்து நகர்த்திப் பார்த்தேன். இரண்டு கார்பனுக்கு நடுவே கொட்டைகள். ஹைட்ரஜன் அயானிடம் ஒன்றுமில்லை. ஹைட்ரஜன்தானே வந்து சேருகிறது என்று நானாகத் தீர்மானித்து, அம்பை அதனிடமிருந்தே போட்டு வந்திருந்தேன்; இப்போதும் விரலை அங்கிருந்துதான் நகர்த்தினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அங்க கொட்டையே இல்லியே, எதைத் தூக்கிட்டுப் போறீங்க?"

எட்டு நாள் பாக்கி

ஆறு வாரமாக முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு அம்பைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் பிரின்சிபால் காதுக்குப் போகும், வேலை போகும். சொல்லாவிட்டால் அத்தனை பேரும் பெயில். காலேஜ் வாசல் வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பினேன். கடைசியில் உள்ளே போய், பழைய படத்தைப் பலகையில் போட்டு, அம்பை அழித்து இரட்டைப் பிணைப்பிலிருந்து ஹைட்ரஜனுக்குப் போட்டேன். "இதுநாள் வரைக்கும் நான் சொன்னது தப்பு" என்றேன்.

ஒருவரும் நோட்டைத் திறக்கவில்லை. எல்லாரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவன் எழுந்து தரையைப் பார்த்தபடி சொன்னான்: "லைப்ரரி புஸ்தகத்தைப் பார்த்து நாங்க அப்பவே திருத்திட்டமுங்க சார். உங்க டெஸ்டுக்கு மட்டும் உங்க மாதிரியே போட்டமுங்க."

எனக்குப் பிரின்சிபாலிடம் பயம், பையன்களுக்கு என்னிடம் பயம். அந்த வகுப்பில் யாருக்கும் பயப்படாமல் ஆறு வாரம் தப்பான வழியில் போனது அம்புக்குறி ஒன்றுதான்.