அத்தையின் ஏச்சு

அப்பாவின் தங்கை என் அத்தை. அவள் ஏச்சு எட்டு வயல் தாண்டிக் கேட்கும். மேல்வயல்காரர் மடையை அடைத்தால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராது. அத்தை வரப்பில் நின்று ஒரு சத்தம் போட்டால் அடைத்தவரே திறந்துவிடுவார். புருஷனை இழந்தவள் வருஷம் தவறாமல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம், நெல் விளைவித்தது அந்தத் தொண்டையால்தான். எங்கள் குடும்பத்து ஆண்கள் எல்லோரையும் சேர்த்தாலும் அவ்வளவு தைரியம் தேறாது. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், கொள்ளட்டும்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலைக்குச் சேர்ந்திருந்த வருஷம். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். சிறுவயதில் கழுத்துக்கு எக்ஸ்ரே வெளிச்சம் காட்டியதுண்டா என்று டாக்டர் கேட்டார். பத்து வயதில் கழுத்து முழுக்க நெறிகட்டி, அந்த வெளிச்சத்தில்தான் சுகமானது என்றாள் அத்தை பெருமையாக. அப்படிக் காட்டிக்கொண்ட சிலருக்குப் பிற்காலத்தில் இந்த மாதிரிக் கட்டி வருவதாக இப்போது சந்தேகப்படுகிறார்கள் என்றார் அவர். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அத்தைக்கு இல்லை.

“அண்ணைக்கு அது இல்லேண்ணா நான் செத்திருப்பேன். இப்போ யாரை ஏச?”

அறுக்கும்போது குரல் நரம்பில் கத்தி பட்டால் பேச்சே போய்விடலாமாம். பேச்சு போனால் தண்ணீரும் போச்சு, நெல்லும் போச்சு. அதனால் டாக்டர் கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார். அவள் விடாமல் பேச வேண்டும். குரல் மாறினால் அவர் கை நின்றுவிடும். என்ன பேச என்று அத்தை கேட்டாள். எதையாவது என்றார், பாவம்.

கதவுக்கு வெளியே நின்றேன். மேல்வயல்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஒரு மணி நேரம் ஏசினாள். நர்ஸ் சிரிப்பதுகூடக் கேட்டது. திடீரென்று குரல் கம்மி, நின்றேவிட்டது. கதவில் காதை வைத்தேன். கொஞ்சம் கழித்து, மெல்லிசாக, அதே ஏச்சின் மிச்சம் வந்தது.

கட்டி போனது; பாதிக் குரலும் கூடப் போனது. ஊர் திரும்பிய மறுநாள் பார்த்தால் மடை அடைத்துக் கிடந்தது. அத்தை வரப்பில் நின்று வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே வெறும் காற்றுதான் கேட்டது. தூரத்தில் மேல்வயல்காரர் மண்வெட்டியோடு நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து மடையைத் திறந்துவிட்டார்.

“கேட்டாச்சு மைனி,” என்று அங்கிருந்தே உரக்கச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை என்னை முறைத்தாள்.

“அவனுக்கு எங்க கேட்டுது? நாளைக்கு இன்னும் கிட்டப் போயி நிண்ணு ஏசணும்,” என்றாள்.