வலிக்காத பாதம்

வெளிநாட்டில் பாத மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பியபோது என் மாமா சிரித்தார். "பாதத்தப் பாக்கறதுக்கா கடல் தாண்டிப் போனே, கண்ணு?"

கோவையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கத் தொடங்கினேன். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களின் பாதங்களை ஆராய வேண்டும் என்று ஆசை. அதற்குத் திருப்பூரை விட்டால் வேறு ஊர் ஏது? ஆனால் எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்கவில்லை. அலைந்து அலைந்து, கடைசியில் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனி முதலாளி கேன்டீனில் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார்.

"செருப்பு மட்டும் உள்ள போடச் சொல்லாதீங்க மேடம். துணிப் பீஸெல்லாம் அழுக்காயிடுங்க," என்றார். அங்கே எல்லோரும் வெறுங்காலில்தான் வேலை செய்தார்கள்.

ஒருநாள் தையல் மிஷினில் ஊசி உடைந்தது. அந்தத் துண்டு குழந்தைச் சட்டைக்குள் போய்விடக் கூடாதே என்று, கிடைக்கும்வரை வேலையை நிறுத்திவிடுவார்கள். காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் காலைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு அக்கா என்னிடம் வந்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். துணியில் குறை பார்க்கும் வேலை. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் ஏதோ மின்னியது. ஊசி முனை!

"வலிக்கலையாக்கா?"

"இல்லையே மேடம். கால் மரத்துப்போயித்தான் கெடக்கு. நின்னு நின்னு அப்படி ஆயிருச்சுன்னு விட்டுட்டேன்."

இடுக்கியால் எடுத்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. அங்கேயே சர்க்கரை பார்த்தேன், எக்கச்சக்கம். அதே பாதத்தின் விரலடியில் ஆறாத புண் வேறு.

"காலை எடுத்துருவாகளா மேடம்?" என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவே வைத்தியம் பாத்தா காப்பாத்திரலாம்க்கா," என்றேன். உள்ளூர எனக்கும் பயம்தான்.

ஊசியை வாங்கிப்போக வந்த முதலாளி அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஊசி கெடச்சுதுன்னு சந்தோசப்படறதா, கெடச்ச எடத்தப் பாத்து அழுவறதான்னு தெரியலீங்க."

அடுத்த வாரமே, உள்ளே மட்டும் போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு எல்லோருக்கும் வந்தது.

அந்த அக்காவின் புண் ஆற மாதங்கள் ஆயின. புண்ணில் எடை விழாதபடி செருப்புக்குள் மெத்தை வைத்துக் கொடுத்தேன். அவரை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். விரல் ஒன்றுகூடப் போகவில்லை. அந்தக் கம்பெனியில் தொடங்கிய ஆராய்ச்சியால்தான் கல்லூரியில் பாதத்துக்கென்றே ஒரு பிரிவு வந்தது. இப்போது என் மாணவிகள் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கால் பார்க்கிறார்கள். போன மாதம், இதுவரை எங்களை உள்ளே விடாத ஒரு கம்பெனியிலிருந்தே போன் வந்தது.

"ஏனுங்க மேடம், எங்க பக்கம் எப்பங்க வருவீங்க?"