அப்பாவின் பட்டியலில் கடைசி வரி: காரைக்குடிப் பக்கம் பதிவேடு தேடிப் போனது

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் முன்னால், பூசையில் வாசிப்பதற்காக எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அப்பா ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். கடைசி வரி எப்போதும் ‘பெயர் தெரியாத அக்கா’. அவருக்கு முன்னால் பிறந்து, கைக்குழந்தையாகவே போய்விட்ட தலைப்பிள்ளை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லையாம். எண்பதைத் தொட்டுவிட்ட அப்பா, “கண்ண மூடுறதுக்குள்ள அந்தப் பேரத் தெரிஞ்சுக்கணும்” என்றார். அக்டோபர் கடைசி வாரம் சென்னையில் ரயில் ஏறினேன்.

காலை 6.40க்குக் காரைக்குடி. குளித்து, சாப்பிட்டுவிட்டு, சாக்கோட்டைப் பக்கம் இருக்கும் அப்பாவின் ஊருக்கு ஆட்டோவில் போனேன். 250 ரூபாய். (ஊர்ப் பெயரை எழுத மாட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், கேட்காதீர்கள்.) போனிலேயே அனுமதி வாங்கியிருந்ததால் 9.30க்கு ஞானஸ்நானப் பதிவேடு மேசைக்கு வந்துவிட்டது. அதில் அப்பா பெயர் இருந்தது. சித்தப்பாக்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தன. அக்காவைத்தான் காணோம். இறந்தவர்களை எழுதும் அடக்கப் பதிவேட்டிலும் இல்லை. மூன்று மணி நேரம் முன்னும் பின்னும் புரட்டினேன். வெறுங்கையோடு போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுகையே வந்துவிட்டது.

பதிவேடுகளை எடுத்துக் கொடுத்த, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

“தலைப்பிள்ளையவா இங்குட்டுத் தேடுறீக?” என்றார். “மொதப் பேறுகாலம் பொண்ணப் பெத்தவுக வீட்டுலல்ல பாப்பாக? ஞானஸ்நானமும் அங்குட்டுத்தான் குடுத்திருப்பாக. ஒங்க அப்பாவோட ஆத்தாளுக்கு எந்த ஊரு?”

தேவகோட்டைப் பக்கம். எனக்கு நன்றாகத் தெரியும். என் மூத்த மகனே என் அம்மா வீட்டில் பிறந்தவன்தான். அப்படியும் மண்டையில் உறைக்கவில்லை!

அடுத்த ஆட்டோ, 22 கிலோமீட்டர், 600 ரூபாய். அப்பா ஊர்ப் பங்குச் சாமியார் போனில் சொல்லிவைத்ததால், மாலை 3.15க்கு அந்த ஊர்க் கோயிலில் சாமியார் பழைய பதிவேட்டைத் திறந்தார். எழுத்தெல்லாம் லத்தீன். தாத்தா, அப்பத்தா பெயர் இருந்த வரியில் அவரே விரல் வைத்து வாசித்தார்: சூசையம்மாள். பிறந்த அன்றே ஞானஸ்நானம். அடக்கப் பதிவேட்டில் அதே பெயர், பதினோராம் நாள்.

கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளைப் புதைத்த மூலையில் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். பெயரை மூன்று தடவை சொல்லச் சொன்னார்.

“பதினோரு நாள்தான்பா இருந்திருக்கு.”

“இருக்கட்டும். பேரு வச்சுத்தான அனுப்பியிருக்காக” என்றார். அவ்வளவு சந்தோஷமான குரலை நான் கேட்டு வெகுநாளாகிறது.

போகிறவர்களுக்கு: இரண்டு வாரம் முன்பே அனுமதி கேளுங்கள், ஞாயிறு வேண்டாம். பக்கங்களைப் படமெடுக்க என்னை விடவில்லை, நோட்டும் பென்சிலும் போதும். முக்கியமாக, தலைப்பிள்ளையைத் தாயின் ஊரில் தேடுங்கள்.

நான் வீடு திரும்பியதும் அப்பா புதுத் தாள் எடுத்தார். கடைசி வரிக்கு வருவார் என்று காத்திருந்தேன். “மூத்தவளாச்சே” என்று சொல்லிக்கொண்டே சூசையம்மாளை முதல் வரியில் எழுதினார்.