மலையை எதிராகச் சுற்றி நடந்த சில அடிகள்

போன கத்திரி வெயிலில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் காணாமல் போய்விட்டார். அன்று அண்ணாமலையான் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் என் மனசு ஆறாது.

அவருக்குக் கொஞ்ச வருடமாக ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் சாமான் வைத்த இடம் மறந்தது. பிறகு தெரு மறந்தது. பொங்கல் கழிந்ததும் என்னையே மறக்க ஆரம்பித்தார். "யாரும்மா நீ?" என்பார். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வருவேன்.

அன்று சமையலை முடித்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. செருப்பு வாசலிலேயே இருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது. விபூதித் தட்டு மட்டும் கலைந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. கிரிவலம் போயிருக்கிறார். பௌர்ணமி தவறாமல் நாங்கள் சேர்ந்து போனவர்கள்தான். ஆனால் அது ராத்திரியில். இது உச்சி வெயில். சர்க்கரை உடம்பு, வெறும் கால், கொதிக்கிற தார் ரோடு.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு முருகேசன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"யக்கா, ஏறுங்க. எதிர்ல சுத்திக்கினு போனா எங்கனா மாட்டிக்குவாரு."

எனக்குக் கால் எழவில்லை. மலையை வலமாகத்தான் சுற்ற வேண்டும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் எதிராக ஒரு அடி வைத்ததில்லை.

"நீ அப்படிப் போப்பா. நான் அவரு போன வழியிலயே நடக்கறேன்."

"இந்த வெயில்லயா? நீங்களும் வுழுந்துட்டா நான் யாரைன்னு தேடறது?"

"வுழமாட்டேன். நீ போ."

செருப்பில்லாமல் வந்திருக்கிறேன் என்பது கிரிவலப் பாதையில் அக்னி லிங்கம் தாண்டித்தான் தெரிந்தது. ரோட்டோரம் எங்கே நிழல் விழுந்ததோ அங்கே கால் வைத்து நடந்தேன். செங்கம் ரோட்டில் டீக்கடை, பழக்கடை எல்லாவற்றிலும் விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லை. எம லிங்கம் தாண்டி உள் ரோட்டில் திரும்பியபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மலையைப் பார்த்துக் கை கூப்பினேன். "சாமி, அவருக்கு என் ஞாபகம் வரவே வேணாம். உசுரோட கண்ணுல காட்டு, போதும்" என்றேன். நடந்தேன்.

நிருதி லிங்கத்துக்கு அப்பால் ஒரு பழைய மண்டபம். அதன் தூணுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடம். கால் இரண்டும் கொப்புளம். கையில் ஒரு மோர் டம்ளர். நான் அப்படியே அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கொஞ்சம் ஒதுங்கி நில்லும்மா. எங்க வூட்ல பின்னாடி வர்றாங்க. வழி மறைக்குது" என்றார்.

பக்கத்தில் மோர் விற்கிற அம்மா சிரித்தாள். "உங்க வூட்டுக்காரரா? எவ்ளோ சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டேன்றாரு. குடிக்கக் குடுத்த மோரையும் அவங்க வரட்டும்னு வச்சிக்கினு குந்தினு இருக்காரு."

எத்தனை பௌர்ணமி அப்படி உட்கார்ந்திருப்பார். அவர் நடை வேகம். என் நடை மெதுவு. முன்னால் போய் எங்கேயாவது குந்தி, நான் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் திரும்பினேன். வந்த வழியிலேயே, மலையை எதிராகச் சுற்றி, கொஞ்ச தூரம் நடந்தேன். என் வாழ்நாளில் முதல் தடவை. மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். பிறகு திரும்பி, வழக்கமாக வருகிற மாதிரி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக அவரை நோக்கி வந்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இப்பதான் வர்றியா? ஆமை தோத்துடும் உன்கிட்ட" என்றார். டம்ளரை நீட்டினார். மோர் வெயிலில் சூடாகிப் போயிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

முருகேசன் மறுபடி சுற்றி வந்தபோது எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். புண் ஆற நாளாயிற்று. ஆறிவிட்டது.

அவருடைய ஞாபகம் திரும்பவில்லை. அதை மறைக்க மாட்டேன். இப்போது விடியற்காலையில், தரை சுடுவதற்கு முன்னால், அக்னி லிங்கம் வரைக்கும் இரண்டு பேரும் போய் வருகிறோம். சில நாள் என்னைத் தெரிகிறது. சில நாள் தெரியவில்லை. தெரியாத நாளிலும் நான் அடுப்படிக்குப் போய் அழுவதில்லை. அவருக்குள் எங்கேயோ ஓர் இடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேனே.

இதே மாதிரி ஒருவரை வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இதைப் படித்தால், அண்ணாமலையானிடம் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். நான் உயிரை மட்டும்தான் கேட்டேன். இப்பதான் வர்றியா என்று அவர் என்னைக் கேட்டதையும் அவன்தான் சேர்த்துக் கொடுத்தான்.