பாண்காரரை ஊருக்கு அனுப்பிய கதை

மெல்பேர்னின் தென்கிழக்கில் இருக்கும் ஒரு சிறிய சமூக வானொலியில், ஞாயிறு காலைகளில் எங்கள் நாடகம் ஒலிபரப்பாகி வந்தது. எழுதுவது நான். போர் முடிந்த பிறகான யாழ்ப்பாணம், அதில் ஒரு ஒழுங்கை, சின்னச் சந்து. ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், அதாவது பேக்கரி ரொட்டி, விற்க வரும் ஒரு சிங்களவர். அவரோடு தினமும் வாய்ச்சண்டை பிடிக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். கதையென்று பெரிதாக எதுவுமில்லை. இது நேற்றைய பாண் என்பார் ரீச்சர். பாண் இன்றையதுதான், ரீச்சரின் மூக்குத்தான் பழசு என்பார் பாண்காரர். சனத்துக்கு இரண்டு பேரையும் பிடித்துப்போனது. ரீச்சருக்குக் குரல் கொடுத்ததும் நான்தான் என்பதால், டண்டினொங் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு பார்த்துக்கொண்டு நிற்கும்போது முன்பின் தெரியாதவர்கள் கிட்ட வந்து, "ரீச்சர், இண்டைக்குப் பாண் வாங்கேல்லையோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

பாண்காரராக நடித்தவர் உண்மையிலேயே சிங்களவர். அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் ஒரு பேக்கரியில் வேலை செய்தவர். இவர் அங்கேயே பிறந்து, எங்கள் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் பழகியவர். பிரச்சினை தொடங்கியபோது சிறுவனாகவே குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். இங்கே பஸ் ஓட்டுகிறார். ஒருநாள் அவருடைய பஸ்ஸில் முன்சீற்றில் இருந்துகொண்டு, பாண்காரருக்குக் குரல் கொடுக்க ஆளில்லை என்று தொலைபேசியில் புலம்பிக்கொண்டிருந்தேன். நான் இறங்கப் போகும்போது, "நங்கி, அந்தப் பாண்காரர் சத்தம் நான் போட்டுக் காட்டட்டா?" என்று தமிழில் கேட்டார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அன்றிலிருந்து நான் அவருக்கு நங்கி, அவர் எனக்கு அண்ணை.

எங்கள் நாடகத்தின் ஒழுங்கையில் இராணுவ முகாம் இல்லை. காணாமல் போனவர்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையாவது சனம் சிரிக்கட்டும் என்று எல்லோருக்கும் காரணம் சொல்லுவேன். அது பாதி உண்மை. போர் உச்சத்துக்கு வரும் முன்பே படிப்பதற்காக நான் இங்கே வந்துவிட்டேன். கடைசி மாதங்களை ஹீற்றர் போட்ட அறையில், சோபாவில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். என் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத் தெரியாத வலியை எழுத எனக்கு உரிமையில்லை என்று நினைத்தேன். அதனால் அந்த ஒழுங்கையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தேன்.

போன வருடம் ஏப்ரலில், நாடகம் முடிந்த கையோடு நிலையத்துக்கு ஒரு அழைப்பு வந்தது. எழுதுகிறவரோடு பேச வேண்டுமாம். படகில் வந்து, தற்காலிக விசாவில் இருக்கும் ஒரு அம்மா. மரக்கறி பொதிசெய்யும் இடத்தில் வேலை. மூத்த மகன் கடைசிப் போரில் காணாமல் போனவன்.

"பிள்ளை, உங்கட பாண்காரர் ஒவ்வொரு நாளும் எங்கட படலைக்கு வாறார்," என்றார். "ஆனா எங்கட பிள்ளையள் எங்கயெண்டு ஒருநாளும் கேக்கிறாரில்லையே."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது போல ஏதோ முணுமுணுத்தேன். நேரமில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மே மாசம் வருது. எங்கட சனம் போரில செத்தவைக்கு விளக்கு வைக்கிற மாசத்தில ஒரு சிங்களவர் ரேடியோவில பகிடி விட்டுக்கொண்டு இருக்கிறது சரியா? ரெண்டு மூண்டு பேர் கதைச்சவை. உங்களுக்குத் தெரியாததில்லை." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பேன். அந்த அம்மாவின் அழைப்பும் அதே முறைப்பாடுதான் என்று என் மனம் சட்டென்று முடிவு கட்டிக்கொண்டது. வெரிபீயிலுள்ள வீட்டுக்குக் காரில் திரும்பும்போதே வழி கண்டுபிடித்துவிட்டேன். பாண்காரர் ஊருக்குப் போகிறார். யாரும் துரத்தவில்லை, தாய்க்குச் சுகமில்லை, போகிறார். யார் மனமும் நோகாது.

ஒலிப்பதிவு அன்று அண்ணை பிரதியை வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திரும்பி வருவாரா, நங்கி?"

"பாப்பம் அண்ணை. கொஞ்ச நாளைக்குத்தான்."

"எங்கட அப்பாவும் அப்பிடித்தான் சொன்னது. கொஞ்ச நாளைக்கு எண்டு."

மைக்கின் முன் நின்று, ஒரு பிழையும் விடாமல் நடித்து முடித்தார். நான் ரீச்சரின் குரலில், "போட்டு வாங்கோ" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில், மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். அன்னதானத்துக்குப் பிறகு கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், மெலிந்த ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். குரலைக் கேட்டதும், தொலைபேசியில் பேசிய அம்மா என்று தெரிந்துவிட்டது.

"ஏன் பிள்ளை அவரை அனுப்பினனீங்கள்?"

"நீங்கள்... உங்களுக்கு மனவருத்தமெண்டுதானே அம்மா..."

"ஐயோ, நான் அனுப்பச் சொன்னனானே? கேக்கச் சொன்னனான்." அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அங்க ஒருத்தரும் கேக்கேல்லை. அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினன், நாங்கள்தான் கேட்டம். சிங்கள ஆக்களில ஒருத்தர், சும்மா ஒரு பாண்காரர், வாசல்ல நிண்டு, 'அம்மா, உங்கட மகன் எங்க?' எண்டு கேட்டா எப்பிடி இருக்கும்? கதையிலயாவது கேப்பார் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் காத்துக்கொண்டிருந்தனான்."

மலையடிவாரத்துக் குளிரிலும் எனக்கு முகம் எரிந்தது.

நேரே அண்ணையின் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"கேக்கலாம், நங்கி. கேட்டா ரீச்சர் பதில் சொல்லுவா. அதுக்குப் பிறகு பாண்காரர் என்ன செய்யிறது? திரும்பப் பாட்டைப் போட்டுக்கொண்டு போறதா?"

ஆனாலும் அவர் வந்தார். பொறுப்பாளரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், ஒலிப்பதிவு செய்யாமல், நேரடி ஒலிபரப்பிலேயே செய்தோம். பாண்காரர் திரும்பி வருகிறார். ரீச்சர் நேற்றைய பாணா என்று கேட்கிறார். அவர் சிரிக்கவில்லை. "ரீச்சர், உங்கட மகன் எங்க?" என்கிறார்.

ரீச்சருக்காக நான் ஒரு நல்ல பதில் எழுதி வைத்திருந்தேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கிய பதில். மைக்கின் முன் அது வாயில் வரவில்லை. இல்லாத மகனைப் பற்றி அலங்காரமாக அழ நான் யார்? வானொலி ஊமையாகிக் கிடந்தது. அப்போது அண்ணை பிரதியில் இல்லாததைச் சொன்னார்.

"பாட்டை நிப்பாட்டிப் போட்டன், ரீச்சர். எனக்கு அவசரமில்லை. நான் நிக்கிறன்."

அதோடு நாடகம் முடிந்தது. அந்த ஞாயிறோடு நிரந்தரமாகவும் முடிந்தது. சிங்களவருக்கு வெள்ளையடிக்கிறேன் என்று எங்கள் ஆட்கள் சிலர் திட்டினார்கள். தமிழரோடு சேர்ந்து நாட்டைக் காட்டிக்கொடுக்கிறார் என்று அண்ணையின் சொந்தத் தம்பியே அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அதை அண்ணை எனக்குச் சொல்லவேயில்லை. அவருடைய மனைவி சொல்லித்தான் தெரியும். என் தயக்கத்துக்கும் என் அவசரத்துக்கும் இரண்டு தடவையும் விலை கொடுத்தது அவர்தான்.

சில நாட்கள் கழித்து அந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நாடகத்தைக் கேட்டதாகச் சொன்னார்.

"ரீச்சருக்கு மகன் இருந்தவனெண்டு தெரியாது," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொலைபேசியிலும் சரி, கோயிலிலும் சரி, அவருடைய மகனைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய ஆசையை எடுத்துக்கொண்டுபோய் என் நாடகத்துக்குள் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

"அம்மா, அவர் எப்பிடிப்பட்ட பிள்ளை?"

போனில் பொதிசெய்யும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு, "வேலைக்கு நிக்கிறன் பிள்ளை, இப்ப கதைக்கேலாது. சனிக்கிழமை வீட்டுக்கு வாறியளே?" என்றார்.

"ஓம் அம்மா, வாறன்."

சனிக்கிழமை போனேன். ஒரு தட்டில் கொழுக்கட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மெல்லிய பொடியன், அவனுக்கு இருட்டென்றால் பயம் என்று தொடங்கினார்.