மேலே இருக்கார்

ஆகஸ்டில் தொலைபேசி அடித்தபோது ரோஸ்விதா சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். எடுத்த எடுப்பில் மான்ஃப்ரெட்டின் குரல். டுயிஸ்பர்க்கில் இருந்துகொண்டு கம்பி இல்லாமலே மோசல் ஆற்றங்கரையில் இருக்கும் அவள் ஊர்வரை கேட்க வைத்துவிடலாம் என்பதுபோலப் பேசுகிற ஆள்.

“போன வருஷம் மாதிரியேதான்மா. அதே சனிக்கிழம, அதே மல, அதே கழுதைங்க நாங்க. ஆல்பன்கிட்ட சொல்லு, ஒயின் பாட்டில நல்லா குளிர வைக்கட்டும். போன தடவ வெந்நீர ஊத்துனான்.”

“சொல்றேன்” என்றாள் ரோஸ்விதா.

போனை வைத்த பிறகும் கத்தி கையிலேயே இருந்தது. அவள் கணவன் ஆல்பன் மார்ச் மாதத்திலேயே இறந்துவிட்டிருந்தான்.

வங்கிக்குச் சொல்லியாயிற்று. ஓய்வூதிய அலுவலகத்துக்கு, ஒயின் வாங்குகிறவர்களுக்கு, கார்க் விற்கிறவனுக்கு, ஆல்பனுக்குப் பல் கட்டிய மருத்துவருக்குக்கூடச் சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவன் இன்னும் ஓர் இடத்தில் இல்லாமல் போனான். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை மட்டும் வந்துபோகும் இந்த டுயிஸ்பர்க் கூட்டத்தை அவள் மறந்தே போயிருந்தாள். மரக்கட்டைகளை நிறுத்திவைத்துப் பந்து உருட்டி விளையாடும் சங்கம் அவர்களுடையது. அந்த விளையாட்டை இப்போது யாரும் ஆடுவதில்லை, மலையேற மட்டும் தவறாமல் வந்துவிடுவார்கள். உலகத்தில் ஆல்பன் இன்னும் உயிரோடு இருப்பது அவர்களிடம் மட்டும்தான் என்று அன்று இரவு படுத்தபின் அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல நா எழவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

செப்டம்பரில் அவர்கள் வந்து இறங்கினார்கள். ஐந்து பேர். பெருமூச்சும் வேர்வையுமாக மான்ஃப்ரெட், இரும்பு உருக்கும் ஆலையில் காலம் தள்ளியவன். வயிறு முன்னே வர, தான் பின்னே வரும் ஹோர்ஸ்ட். நீலக் கம்பளித் தொப்பியோடு எடெல்கார்ட், பள்ளிக்கூடச் சமையலறையை முப்பது வருடம் ஆண்டவள். பிறகு லூட்ஸ் தம்பதி. அவர்கள் இருவரும் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்வார்கள். கழுத்தில் துணிப்பை தொங்க, பைக்குள் ஒயின் குடிக்கும் கண்ணாடிக் கிண்ணம் ஆட, மாதா கோவிலுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

“எங்கம்மா உன் ஆளு?” என்றான் மான்ஃப்ரெட்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தது. “மேல இருக்கார்” என்றாள். “மேல்துண்டுத் திராட்சத் தோட்டத்துல. அறுப்பு நெருங்குதுல்ல, வேல.”

“நாங்க வர்ற அன்னிக்கா? பன்னாட! இருக்கட்டும், மேல போயி கவனிச்சுக்கறேன்.”

இப்படித்தான் அது நடந்தது. அதன் பிறகு அவர்கள் ஏறிய ஒவ்வொரு அடியும் அவன் இல்லாத ஓர் இடத்தை நோக்கியே இருந்தது.

ரோஸ்விதா ஒயின் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. அவளுடைய அப்பா எதிர்க்கரையில் பரிசல் மாதிரியான தட்டைப் படகு ஒன்றில் ஆளையும் மாட்டையும் அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “தண்ணிக்காரி வந்துட்டாளா?” என்பாள். ஒயின் புளிக்கிறது என்று முதல் விருந்தில் சொல்லிவிட்டதற்கு அந்தப் பெயர் தண்டனை. ஆல்பன் மட்டும் அதை ரசித்தான். “வீட்டுல ஒருத்தராவது தெளிவா இருக்கட்டும்” என்றான். திராட்சை மலையின் சரிவு அவளுக்குப் பழகப் பல வருடமானது. உடைந்த சிலேட்டுக் கல் காலடியில் அடுக்கிய ஓடு மாதிரிச் சரியும். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கம்பு, ஒவ்வொரு கம்பும் நெட்டுக்குத்தாக நிற்கும், நிலம் மட்டும் சாய்ந்திருக்கும். முதுகில் கூடையோடு அவள் அதில் இறங்கியும் ஏறியும் மூட்டு தேய்ந்தாள். பயணிகளுக்கு மலையைச் சுற்றிக் காட்டும் வேலையை ஆல்பன் ஆரம்பித்தபோது அவள் வரிசையின் கடைசியில் ரொட்டிப் பையைச் சுமந்து வந்தாள். பேச்சு முழுக்க அவனுடையது.

மே மாதத்திலிருந்து அந்தப் பேச்சை அவள் பேசுகிறாள். முன்பின் தெரியாத ஆட்கள், முன்பதிவு செய்துவிட்டு வருகிறவர்கள். அவர்களிடம் அவனுடைய கதைகள் எளிதாக வந்தன. சில நாள் தன் வாயிலிருந்து வருவது யாருடைய குரல் என்று அவளுக்கே சந்தேகமாக இருக்கும். வாக்கியம் முடிகிற இடத்தில் அவன் செய்வதுபோலவே மூக்கை உறிஞ்சுவாள். அவளுக்கு ஜலதோஷமே கிடையாது.

அன்று, சரிவைத் தாங்கும் முதல் கல் மதிலடியில் நின்று பாட்டிலைத் திறந்தாள்.

“இந்த எடத்துல விழுந்தா நேரா ஆத்துலதான்” என்றாள். “விழறவங்க விழலாம். கிளாஸ மட்டும் எங்கிட்ட குடுத்துட்டு விழுங்க.”

ஹோர்ஸ்ட் வயிறு குலுங்கச் சிரித்தான். “அவனே சொல்ற மாதிரி இருக்கு! ரோஸ்விதா, நீ இத்தன வருஷம் வாய மூடிட்டு இருந்தது இதுக்குத்தானா?”

“அவன் பேச விட்டாத்தானே” என்றான் மான்ஃப்ரெட். கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மிடறு குடித்து, முகம் சுளித்து, இன்னொரு மிடறு குடித்தான். “இந்தத் தடவ குளிரா இருக்கு. சொன்னது காதுல விழுந்திருக்கு அந்தச் செவிடனுக்கு.”

பாட்டிலைக் குளிர வைத்தது ரோஸ்விதாதான். அடுத்த கிண்ணத்தை நிரப்பினாள்.

பாதை பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் மேல்துண்டு தெரியும். உச்சியில் ஒட்டிவைத்ததுபோல நான்கைந்து வரிசை, அதற்கு மேல் காடு. மார்ச்சுக்குப் பிறகு அவள் அங்கே கால் வைக்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரன் லியோன்ஹார்ட், கேட்காமலே கோடை முழுவதும் மருந்தடித்து இலை கிள்ளி வைத்திருந்தான். மான்ஃப்ரெட் இரண்டு கையையும் வாயருகே குவித்தான்.

“ஆல்பன்!”

பாறை அந்தப் பெயரை வாங்கி, கொஞ்சம் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தது. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். லூட்ஸ் தம்பதிகூட. “ஆல்பன்! சோம்பேறி! எறங்கி வாடா!” பெயர் மேலே போனது, கீழே வந்தது, ஆற்றின் மேல் கரைந்தது. நிலக்கரிப் படகு ஒன்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். ரோஸ்விதாவும் நின்றாள். வரிசைகளுக்கு நடுவே ஏதாவது அசைகிறதா என்று அவளும் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள்.

“காதுல பஞ்ச வச்சிருப்பான்” என்று மான்ஃப்ரெட் தீர்ப்புச் சொன்னான்.

அடுத்த மேட்டில் பாதை குறுகலானது. அங்கே ஆல்பன் எப்போதும் தலை எண்ணுவான். எண்ணி முடித்து முகம் வெளிறிப்போய், “ஒருத்தர் குறையுதே!” என்பான். கூட்டம் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்கும். சரிவை எட்டிப் பார்க்கும். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டு, “அட, என்னைய எண்ணவே இல்லயே” என்பான். இத்தனை மாதத்தில் ரோஸ்விதா அதை ஒரு முறைகூடச் செய்யவில்லை.

“எண்ணு எண்ணு” என்றான் ஹோர்ஸ்ட். “எண்ணாம இந்த எடத்தத் தாண்ட மாட்டேன். சம்பிரதாயம்.”

எண்ணினாள். விரலால் ஒவ்வொருவரையும் தொடுவதுபோலக் காட்டி, ஐந்து வந்ததும் நிறுத்தினாள். வாய் தன்பாட்டில் சொன்னது: “ஒருத்தர் குறையுதே.”

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெரிந்த விளையாட்டை ஆடுகிற குழந்தைகள் மாதிரி. இப்போது கை நெற்றிக்குப் போக வேண்டும். போகவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு ஹோர்ஸ்ட் தானே நெற்றியில் அடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எடெல்கார்ட் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் முன்னே போகட்டும் என்று எடெல்கார்ட் ஷூ நாடாவைக் கட்டுவதுபோலக் குனிந்தாள். நிமிர்ந்தபோது ரோஸ்விதாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்போ?”

“மார்ச்சுல.”

எடெல்கார்ட் தலையாட்டினாள். தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். “கீழ பாத்து நட” என்றாள். “கல்லு சறுக்குது.”

அவ்வளவுதான். கையை மட்டும் குடில்வரை விடவில்லை.

குடில் என்பது மேல்துண்டுக்குக் கொஞ்சம் கீழே, மதிலோடு மதிலாகக் கட்டிய, கல்லாலான ஒற்றை அறை. கருவி வைக்கிற இடம். நடை முடிந்து ஒயின் குடிப்பதும் அங்கேதான். காலையிலேயே வந்து பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தாள் ரோஸ்விதா. ரொட்டி, ஈரல் சாசேஜ், பாலாடைக்கட்டி, துணி போட்டு மூடிய வெங்காய கேக். முந்திப் பழுக்கும் வேறு ரகத் திராட்சையின் புதுச் சாறு ஒரு ஜாடியில் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது. நடுவில், பெயர்ச் சீட்டு ஒட்டாத பாட்டில்கள். போன இலையுதிர் காலத்தில் மேல்துண்டிலிருந்து ஆல்பன் பறித்து, பிழிந்து, இரவில் எழுந்து எழுந்து போய்ப் பீப்பாயோடு பேசி, அடைத்தது.

எல்லோருக்கும் ஊற்றினாள். மான்ஃப்ரெட் முகர்ந்தான், குடித்தான், கிண்ணத்தை மறுபடி மூக்கருகே கொண்டுபோனான்.

“என்ன?” என்றான் ஹோர்ஸ்ட்.

“மழ பெஞ்ச கல்லு மேல பீச் பழத்த வெட்டி வச்ச மாதிரி” என்றான் மான்ஃப்ரெட். “சனியன் புடிச்சவன், வயசாக வயசாக நல்லா செய்யறான்.” துணிப்பையிலிருந்து கூடுதலாக ஒரு கிண்ணத்தை எடுத்தான். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். மேசையின் தலைமாட்டில், யாரும் உட்காராத இடத்தில் வைத்தான். “அவனுக்கும் ஊத்து. கூப்புட்டா வரமாட்டான், ஊத்துனா வந்துருவான்.”

ரோஸ்விதா பாட்டிலை எடுத்தாள். கிண்ணத்தின் மேல் சாய்த்தாள். ஊற்றினால் அது யாரும் குடிக்காமல் அங்கேயே இருக்கும்; அவர்கள் கீழே இறங்குகிற வரை இருக்கும். எடெல்கார்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுமானால் இன்னும் ஒரு பொய்க்குத் துணை நிற்கத் தயார் என்பதுபோலிருந்தது அந்தப் பார்வை. அதுதான் தாங்க முடியாமல் போனது.

“அவர் வரமாட்டார், மான்ஃப்ரெட்” என்றாள். “செத்துட்டார். மார்ச்சுலயே. மேல்துண்டுலதான்.”

ஹோர்ஸ்ட் மெல்லுவதை நிறுத்தினான். லூட்ஸ் மனைவி கணவனின் சட்டைக் கையைப் பிடித்தாள். மான்ஃப்ரெட்டின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றிவரை போனது.

“அந்தத் திருப்பத்துல நின்னு தொண்ட கிழியக் கத்துனேன்” என்றான். “சோம்பேறின்னேன். நீ பக்கத்துலயே நின்ன.”

“நின்னேன்.”

“கேட்டுட்டு நின்ன! ஒரு வார்த்த... ஒரு வார்த்த சொல்லத் தோணல?”

“பதில் வருதான்னு நானும் பாத்தேன்” என்றாள் ரோஸ்விதா.

“யோவ், விடுய்யா” என்றாள் எடெல்கார்ட்.

“உனக்குத் தெரியுமா?”

“பாதி வழியில தெரிஞ்சுது.”

“பாதி வழியில!” அவன் எழுந்து வெளியே போனான். வாசலில் முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றான். உள்ளே யாரும் எதையும் தொடவில்லை. ஜாடியில் சாறு மட்டும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. ரோஸ்விதாவுக்கு அழுகை வரவில்லை. பிடித்துக்கொண்டிருந்த கயிற்றின் கடைசி நுனியும் கையிலிருந்து உருவிப்போனதுபோல உள்ளங்கை மட்டும் காந்தியது. இனி அவனை யாரும் எங்கேயும் எதிர்பார்த்துக் காத்திருக்கப் போவதில்லை.

மான்ஃப்ரெட் திரும்பி வந்தான். குரல் இறங்கியிருந்தது.

“எந்த எடம்? காட்டு.”

“நான் அங்க போறதில்ல.”

“நீதானே வழிகாட்டி” என்றான். “காட்டு.”

இருவர் மட்டும் ஏறினார்கள். அவள் முன்னால், அவன் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு. கொடிகளில் பழம் பழுத்துத் தங்க நிறத்தில் தொங்கியது. மேல் மதிலை ஒட்டி, அடிவாரத்திலிருந்து ஏறி வரும் பல் வைத்த ஒற்றைத் தண்டவாளம் போயிற்று. அதன் முடிவில் மோட்டார் வைத்த சின்னச் சரக்கு வண்டி, தார்ப்பாய் போர்த்தி நின்றது. அவள் அங்கே நின்றுகொண்டாள். சொல்ல ஆரம்பித்தபோது, பயணிகளுக்குச் சொல்கிற அதே நிதானமான குரல்தான் வந்தது.

“கம்பு மாத்துற வேல. அவர் மேல, நான் கீழ ஏத்துற மேடையில. நான் ஏத்தி அனுப்புவேன், அவர் எறக்கிட்டுக் காலி வண்டிய முடுக்கி விடுவார், அது தானா எறங்கி வந்து நிக்கும். அன்னிக்கும் காலியா வந்துச்சு. இன்னும் கம்பு கேக்கறார்னு ஏத்துனேன். மேல சாப்பாட்டு டப்பாவ வச்சேன். அனுப்புனேன். அப்புறம் வண்டி வரல. சாப்புடறாராக்கும்னு இருந்துட்டேன்.”

மான்ஃப்ரெட் தொப்பியைக் கழற்றினான்.

“வண்டிய அனுப்பிட்டு உக்காந்திருக்கார். மதிலச் சாஞ்சு. நெஞ்சு நின்னிருச்சு. டப்பா தொறக்காம வண்டியிலயே இருந்துச்சாம், மொதல்ல போயிப் பாத்த லியோன்ஹார்ட் சொன்னான்.” மூக்கை உறிஞ்சினாள். “நான் ஏத்திட்டு இருந்தப்ப அவர் உயிரோட இருந்தாரா, இல்லயா? அதுதான் தெரியல. சாயங்காலம் ஆனா அதே கேள்விதான். யார்கிட்ட கேக்கறது?”

அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மடங்கி, அவள் கை காட்டிய இடத்தில், மதிலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். கால்களை நீட்டினான். கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தான்.

“அதுவா அந்த மேட?” என்றான். “தகரம் போட்டது?”

“எது?”

“இங்கேருந்து தெரியுதே. நேரா தெரியுது.”

அவளுக்கு அது தெரியாது. கீழேயிருந்து பார்த்தால் இந்த மூலை தெரிவதில்லை, பாறை மறைக்கும். மான்ஃப்ரெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலில் கிடந்த கல் சூடாக இருந்தது. கொடி வரிசைகளின் இடுக்கு ஒன்று கத்தியால் கீறியதுபோல நேர்க்கோட்டில் இறங்கியது. அதன் அடியில், தீப்பெட்டி அளவுக்கு, தகரக் கூரையும் மேடையும். ஒருத்தி குனிந்து கம்பு அடுக்குவதும், டப்பாவை மேலே வைத்துத் துணியைச் சுற்றுவதும், நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்ப்பதும் இங்கே சாய்ந்திருந்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

மேடையில் யாரும் இல்லை. அவள் கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாமா என்று மான்ஃப்ரெட் இரண்டு தடவை கேட்டான். அவள் அசையவில்லை. அவனும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.